நெடுந்தீவில் ஒரு இரவு, ஆறு பேர்: படகு, தண்ணி, வாகனம் பற்றி விவரம் தேவை

வெள்ளவத்தைப் பெடியன்

வணக்கம். நாங்கள் ஆறு பேர், ஆகஸ்டில ஒரு சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடலில கிடக்கிற நெடுந்தீவு போற யோசனை. வெள்ளி இரவு கொழும்பில ரயில் ஏறி, சனி காலமை யாழ்ப்பாணத்தில இறங்கி, அப்பிடியே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகு பிடிக்கலாமோ? ரெண்டு பேர் பைக்கில வருவினம், அதைப் படகில ஏத்தலாமோ? காலமை போய்ப் பின்னேரம் திரும்பினாக் காணுமோ, இல்லாட்டி தங்கத்தான் வேணுமோ? அங்க வெளியில திரியிற குதிரையளும் பெருக்கமரமும் (பாவோபாப்) கட்டாயம் பாக்கவேணும். மற்றது, பக்கத்தில கிடக்கிற நயினாதீவையும் சேக்கலாமோ எண்டும் ஒரு கதை ஓடுது.

புங்குடுதீவுச் சந்தி

ரயிலில வந்து இறங்கின சூட்டோட படகுக்கு ஓடுற திட்டத்தை விடுங்கோ. ரயில் அரை மணித்தியாலம் பிந்தினாலே காலமைப் படகு போயிடும். யாழ்ப்பாணத்தில இருந்து குறிகட்டுவான் 30 கிலோமீற்றருக்கு மேல. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எண்டு 776 பஸ் போகும், நிண்டு நிண்டு போறதால ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. வியாழன் இரவே ரயில் ஏறி, வெள்ளி யாழ்ப்பாணத்தில படுத்து எழும்பி, சனி விடிய வெளிக்கிடுங்கோ. ஆறு பேருக்கு வான் பிடிச்சாலும் காசு பிரிபடும், பெரிய பாரமில்லை.

நெடுந்தீவுப் படகு நேரம் சுற்றுலாக்காரருக்காகப் போட்டதில்லை. தீவுச் சனம் பட்டினம் போய்வர, உத்தியோகத்தர் வேலைக்கு வர, சாமான் ஏத்த இறக்கப் போட்டது. நாளுக்குச் சில ஓட்டம்தான். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை எண்டு பெயர் கேள்விப்பட்டிருப்பியள். எது எப்ப ஓடுது எண்டது திருத்த வேலையையும் கடலையும் பொறுத்து மாறும். இணையத்தில கிடக்கிற நேர அட்டவணையை நம்பாதேங்கோ. தங்கப் போற வீட்டுக்காரரிட்ட முதல் நாள் இரவு கேளுங்கோ, அவைக்குத்தான் சரியாத் தெரியும். நெடுந்தீவில இறங்கின உடனயே அங்கத்தை இறங்குதுறையான மாவலித்துறையில நிண்டு "நாளைக்குத் திரும்புற படகு எத்தினை மணிக்கு" எண்டும் கேட்டு வையுங்கோ. கடைசிப் படகு பிற்பகலிலயே போயிடும். ஞாயிறு ஓட்டம் கிழமை நாள் மாதிரி இருக்கும் எண்டும் நினைக்காதேங்கோ.

பைக்கைக் குறிகட்டுவானிலயே விடுங்கோ. ஆக்கள் தூக்கித்தான் ஏத்தி இறக்கவேணும், அலை அடிக்கேக்க இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில உயரம் மாறிக்கொண்டே இருக்கும். கைபிடி வளையிறதும் கண்ணாடி உடையிறதும் அந்த இடத்திலதான். போதாததுக்கு உப்புத்தண்ணி.

கடலோரம்

பயண நேரம் ஒரு மணித்தியாலம் வாக்கில. ஆனால் ஆகஸ்ட் எண்டதுதான் என்ர கவலை. வைகாசியில இருந்து புரட்டாசி வரை சோளகக் காத்து அடிக்கும். நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கில கிடக்கு, சோளகமும் தென்மேற்கில இருந்துதான் வரும். அதால போகேக்க அலை நேர அணியத்தில (படகின்ர முன்பக்கத்தில) மோதும், முன்னுக்கு இருக்கிற ஆக்கள் நனைஞ்சு போவினம். திரும்பேக்க அலை பின்னால வந்து படகை உருட்டும். நனையிறதுக்கு ஒருதரும் சத்தி (வாந்தி) எடுக்கிறதில்லை, அந்த உருட்டலுக்குத்தான் எடுக்கிறது.

நடுப்பக்கத்துக்குச் சற்றுப் பின்னால இடம் பிடியுங்கோ. கீழ்த்தட்டில டீசல் மணமும் வெக்கையும் சேர்ந்து தலையைச் சுத்த வைக்கும், காத்துப் படுற இடம் கிடைச்சால் விடாதேங்கோ. கடல் மயக்கக் குளிசை போடுறதெண்டால் ஏற முதல் அரை மணித்தியாலத்துக்கு முன்னமே போடவேணும். சத்தி வரத் தொடங்கினாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. காலமைச் சாப்பாடு ரெண்டு இடியப்பத்தோட நிக்கட்டும். போன், கமரா எல்லாத்தையும் பொலித்தீனில சுத்துங்கோ. காத்து மதியத்தை நோக்கி ஏறும், அதால போறதுக்குக் காலமைப் படகுதான் சுகம்.

நாள் மாத்தேலும் எண்டால் மாசி, பங்குனிக்கு மாத்துங்கோ. கடல் படுத்திருக்கும், மாரி மழை விட்டுப்போன புல்லும் கேணித் தண்ணியும் மிச்சமிருக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காத்தும் மழையும். அப்ப படகு நிண்டுபோனால் தீவிலயே மாட்டுப்பட வேண்டியதுதான், திங்கள் வேலை இருக்கிறவை அந்தப் பக்கம் தலை வைக்கக்கூடாது.

கல்வேலி

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: குதிரை பார்க்க மட்டுமென்றால் ஆகஸ்ட் மோசமில்லை. மாசியில் புல் எங்கும் இருப்பதால் குதிரைகள் தெற்கு வெளி முழுவதும் சிதறி நிற்கும். வறட்சியில் தண்ணீர் மிஞ்சிய இடங்களைச் சுற்றியே நிற்கும், கண்டுபிடிப்பது எளிது. ஆனால் மெலிந்த குதிரைகளைத்தான் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும்வரை அது குடிக்க வராது. பின்பக்கமாக நெருங்கினால் உதைக்கும். குட்டியோடு நிற்பதற்கு முப்பது அடியாவது விட்டு நில்லுங்கள். பாண், பிஸ்கட் கொடுக்கவே கூடாது.

தங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். தங்குங்கள். தீவு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளம், 6 கிலோமீற்றர் அகலம். ஒரே நாளில் போய் வருபவர்களுக்குக் கையில் கிடைப்பது உச்சி வெயில் மட்டுமே. குதிரைகள் நன்றாக மேய்வது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான், ஒரே நாளில் போய் வருபவர்களுக்கு அந்த இரண்டு நேரமும் படகுப் பயணத்திலேயே போய்விடும்.

ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ, அல்லது ஒரு பிக்கப். பயணத் தொகையைப் பேசும்போது "எல்லா இடமும்" என்று பேசாதீர்கள், இடங்களின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். தெற்கே உள்ள குயிண்டா கோபுரம் (பழைய கடல் வழிகாட்டிக் கோபுரம்) அந்த "எல்லா"வில் பல தடவை வராது. தூரமும் கல்லுப் பாதையும்தான் காரணம். சனி மதியம் இறங்கினால் முதலில் கிட்ட உள்ளவை: வைத்தியசாலையை ஒட்டிய புறாக்கூடு (புறா வளர்க்கக் கட்டிய பழைய கோபுரம்), ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, பிறகு பெருக்கமரம். வெயில் தணிந்ததும் தெற்கு வெளி, கோபுரம். வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்தை ஞாயிறு விடியலுக்கு வையுங்கள்.

கோட்டைச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, கருங்கல்லும் இல்லை. எல்லாம் முருகைக்கல், அதாவது பவளக்கல். மூளையின் மடிப்புப் போலச் சுருள் சுருளாக, பூவிதழ் போலக் கதிர் கதிராக, பவளத்தின் அச்சு அப்படியே தெரியும். வளவு வேலிகளும் அதே கல்தான், ஆனால் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அதனால்தான் ஏறி நின்று படம் எடுத்தால் சரிகிறது. சரிந்ததை அடுக்க வீட்டுக்காரருக்கு அரை நாள் வேண்டும்.

பெருக்கமரம் அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். வறட்சியில் இலை கொட்டி மொட்டையாக நின்றால் பட்டுப்போயிற்று என்று பதற வேண்டாம், அதன் இயல்பு அது. பருமன் பார்க்க ஆசைப்படுபவர்கள் மன்னார் பள்ளிமுனைக்குப் போகவேண்டும்.

சாராப்பிட்டி

தண்ணியைப் பற்றி ஒருதரும் சொல்லேல்லை. தீவு முழுக்கச் சுண்ணக்கல்லு. மழைத்தண்ணி ஓட ஆறில்லை, அப்பிடியே கீழ இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிய படையா மிதந்துகொண்டு நிக்கும். அளவா அள்ளினால் நல்ல தண்ணி, மோட்டர் போட்டு இறைச்சால் கீழ இருக்கிற உப்பு ஏறிவிடும். அதுதான் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலயே ருசி மாறுறது. சாராப்பிட்டிக் கிணத்துத் தண்ணிக்கு அந்தளவு மதிப்பும் அதாலதான்.

ஆகஸ்டில போறதெண்டால் ஆளுக்கு 4 லீற்றர் குடிதண்ணி முதல் நாளுக்குக் கொண்டு போங்கோ. 5 லீற்றர் கான் வாங்கினால் வெறும் போத்தல் குறையும். அந்தக் கானையும் திரும்பக் கொண்டு வாங்கோ, காத்தில பறக்கிற பிளாஸ்ரிக்கைக் குதிரையும் மாடும் திண்டுபோடும். குளிக்க ஒரு வாளி தந்தால் ஒரு வாளியோட முடியுங்கோ.

சாப்பாட்டை முன்னமே சொல்லி வையுங்கோ. ஆறு பேர் திடீரெண்டு போய் நிண்டால் சோறு வராது. எத்தினை பேர், எத்தினை நேரம், ஆர் மரக்கறி எண்டதைப் படகு ஏற முதல் போனில சொன்னால் மீன், நண்டு எல்லாம் அமையும். காசைத் தாளாக் கொண்டு போங்கோ, சில்லறையும் வேணும்.

கடலில இறங்கிறதெண்டால் பட்டி வைச்ச செருப்பு கட்டாயம். கரைக்கடல் ஆழமில்லை, ஆனால் அடியில முருகைக்கல்லு கத்தி மாதிரிக் கிடக்கும். கீறின காயம் லேசில ஆறாது. நல்ல தண்ணியில கழுவி, உள்ள துகள் இல்லையோ எண்டு பாத்துத்தான் மருந்து போடவேணும்.

வெள்ளவத்தைப் பெடியன்

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ரயில், வெள்ளி யாழ்ப்பாணம் எண்டு மாத்திறம். ஆகஸ்டை மாத்தேலாது, லீவு அப்பத்தான். நயினாதீவு?

புங்குடுதீவுச் சந்தி

அதே குறிகட்டுவானில இருந்துதான் போறது, 20 நிமிசத்துக்குள்ள போயிடும், படகும் அடிக்கடி இருக்கும். கோயிலும் விகாரையும் பாத்துத் திரும்ப மூண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. ஞாயிறு காலமைப் படகில நெடுந்தீவை விட்டால் மட்டும் சேருங்கோ, இரவு ரயிலுக்கும் நேரம் கிடைக்கும். பிற்பகல் படகெண்டால் விடுங்கோ. ஆனியில நாகபூசணி அம்மன் திருவிழா நேரமெண்டால் துறையில கால் வைக்க இடமிராது, ஆகஸ்டில அந்தக் கரைச்சல் இல்லை. போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) வருதோ எண்டு மட்டும் கலண்டரைப் பாருங்கோ. ஆம்பிளையள் கோயிலுக்குள்ள சட்டை கழட்டவேணும், வேட்டி ஒண்டு பையில கிடக்கட்டும்.