மாதாமாதம் புழு மருந்தா, பிண்ணாக்கா?

கொட்டில்ராசா:
34 வெள்ளாடு வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து ஊற்றுகிறேன். அப்படியும் போன வாரம் ஈன்ற ஆட்டுக்குச் சாயங்காலமானால் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்குகிறது. விடிந்தால் பாதி வற்றிவிடுகிறது. மேட்டுக்காட்டார் முன்பு, “மருந்தைக் குறை, தீவனத்தைக் கூட்டு, ஆடே புழுவைப் பார்த்துக்கொள்ளும்” என்று எழுதியிருந்தார். நம்பலாமா?

மேட்டுக்காட்டார்:
மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை தம்பி, எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதே என்றேன். தாடையில் இப்படி நீர் கோக்க வைப்பது, நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு. அதை விரட்ட ஆடு சுரக்கிற சளி, எதிர்ப்பணு எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். ஈன்ற ஆட்டின் உடம்பு முதலில் மடிக்குத்தான் பங்கு வைக்கும், மிச்சமிருந்தால்தான் எதிர்ப்புக்கு. அந்தச் சமயத்தில் புழுக்கையில் புழு முட்டை கூடுவது அதனால்தான். சினையின் கடைசி ஒன்றரை மாதம் கடலைப் பிண்ணாக்கும் வேலிமசால் தீவனத் தழையும் கொடுத்துப் பார்.

சந்தைக்கடை:
ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. பிண்ணாக்கு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை குட்டி உயிரோடு இருக்குமா? அதுவும் வெள்ளாடு தழை கடித்தே பழகிய இனம், புல்லில் இருக்கும் புழுவோடு அதிகம் பழகாதது. செம்மறி அளவுக்குப் புழு எதிர்ப்பு அதற்கு வராது.

மேட்டுக்காட்டார்:
அதனால்தான் கண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். கீழிமையை இழுத்தால் உள்சதை சிவப்பா, காகிதம் மாதிரி வெளுப்பா என்று தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காக்காரர்கள் இதற்கென்றே ஃபமாச்சா என்று 5 நிற அட்டை போட்டிருக்கிறார்கள். வெளுத்ததுக்கு மருந்து, சிவந்ததை விட்டுவிடு. மருந்தே படாத புழுவும் கொஞ்சம் இருந்தால்தான் மருந்துக்கு மசியாதது மட்டும் பெருகாது.

சந்தைக்கடை:
அடடா, புழுவுக்கும் பட்டியில் இடம் ஒதுக்கச் சொல்கிறீர்கள்! தடுப்பூசி ஏதாவது வந்தால் சொல்லுங்கள், அதை நம்புகிறேன்.

கால்நடை_மாணவி:
வந்தாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2014-இல் செம்மறிக்கு பார்பர்வாக்ஸ் என்ற தடுப்பூசி வந்தது. புழுவின் குடலிலிருந்து எடுத்த புரதம்தான் ஊசி. ஆட்டில் உருவாகும் எதிர்ப்பணுவைப் புழு ரத்தத்தோடு சேர்த்துக் குடித்து, தன் குடலைக் கெடுத்துக்கொள்கிறது. சங்கடம் என்னவென்றால், மேயும்போது புழு ஏறினாலும் இந்த எதிர்ப்பு தானாகக் கூடாது. அதனால் புழுக் காலம் முழுக்க 6 வாரத்துக்கு ஒரு ஊசி.
ராசா அண்ணா, செம்மறிக்கான அளவையா ஊற்றுகிறீர்கள்? வெள்ளாட்டு உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், அந்த அளவு போதாது. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடவே கூடாது. தாடை வீங்கியதை இன்றே டாக்டரிடம் காட்டி, வேறு வகை மருந்து கேளுங்கள்.

கொட்டில்ராசா:
செம்மறி அளவேதான் ஊற்றினேன்மா. இப்போதுதான் டார்ச் அடித்து எல்லாக் கண்ணையும் பார்த்தேன். 5 வெளுத்திருக்கிறது, அதில் 4 இந்த மாதம் ஈன்றவை. விடிந்ததும் டாக்டரிடம் போகிறேன். மேட்டுக்காட்டாரே, வேலிமசால் விதை இருக்கிறதா?