புதுப்பிப்பு: 58 வயதில் மண் பாதைக்கு எத்தனை சிசி? வண்டி வாங்கியாச்சு

வயது 58, வலது முட்டியில் தேய்மானம், மண் பாதையில் ஓட்ட 200 சிசி போதுமா, 450க்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுத்துவிட்டேன்.

முடிவு செய்தது சிசி இல்லை, எடை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் 159 கிலோ பக்கம். சீட் உயரம் இரண்டிலும் 825 மி.மீ.தான். தார் ரோட்டில் அந்த எடை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஜவ்வாது மலையில் சரளைச் சரிவில் வண்டி சாய்ந்து, தூக்கிவிட ஆளில்லாமல் நிற்கும்போதுதான் தெரியும். எனக்கு அப்படி ஆனபோது இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, சீட்டில் முதுகைச் சாய்த்துக் காலால் உந்திப் பின்னோக்கி நகர்ந்தேன். எழும்பிவிட்டது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

ஏற்றத்தில் திணறுமே என்று சிலர் சொன்னது உண்மை. 19 குதிரைத்திறன்தானே. முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தேன். இப்போது இரண்டாவது கியரிலேயே நிதானமாக ஏறுகிறது, கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், பரவாயில்லை.

பின்னால் ஆளை உட்கார வைத்துத் தொலைதூரம் போகிறவர்களுக்கு 450தான் சரி.

அப்புறம், நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு ரொம்பக் குனிகிறது. ஹேண்டில்பாரை உயர்த்த ரைசர் போட்டவர்கள் எத்தனை மி.மீ. போட்டீர்கள், கேபிள் இழுக்கிறதா என்று சொல்லுங்கள்.