செனட் ஹவுஸ்: வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது 1864, பணி தொடங்கியது 1874 – இடையில் நடந்தது என்ன?

கேள்வி:
சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பற்றிச் சிறுநூல் ஒன்று எழுத முயன்று வருகிறேன். 1864இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்புப் போட்டியில் இராபர்ட் ஃபெலோஸ் சிஸம் தேர்வானார் என்றும், கட்டுமானம் 1874 முதல் 1879 வரை நடந்தது என்றும் படித்தேன். தேர்வான வரைபடம் பத்தாண்டுகள் ஏன் கிடப்பில் கிடந்தது? இதற்கான ஆவணங்களை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
அந்தப் போட்டி செனட் ஹவுஸுக்கு மட்டும் உரியதன்று. மாநிலக் கல்லூரிக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. கல்லூரிக் கட்டடம் முதலில் எழுந்து 1870இல் முடிந்தது. ஆகவே, கிடப்பு என்பதைவிட முறைவரிசை என்பதே பொருந்தும். ஆனால் உங்கள் நூலுக்கு உயிர் தரக்கூடியது அந்த இடைவெளிதான். ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைப் புதுப்பித்து, அதன் இரு பகுதிகளையும் இணைக்கும் கோபுரத்தைச் சிஸம் எழுப்பியது அக்காலத்தில்தான். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவும் இந்தியக் கட்டட மரபில் ஈடுபாடு கொண்டவர். இத்தாலியச் சாயல் மிகுந்த மாநிலக் கல்லூரியையும், பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியிலான, அதாவது இந்திய, இசுலாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டடக்கலையுடன் இணைக்கும் பாணியிலான, செனட் ஹவுஸையும் ஒருமுறை அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே என்பதை நம்பச் சற்று நேரமாகும். 1864 போட்டியின் வரைபடமே 1874இல் மாற்றமின்றிக் கட்டடமானது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள். பொதுப்பணித் துறை, கல்வித் துறை ஆகிய இரண்டின் நடவடிக்கைத் தொகுதிகளையும் பார்க்க வேண்டும். பணம் ஒதுக்கிய கதை ஒன்றிலும், கட்டடம் எதற்குத் தேவை என்ற வாதம் மற்றொன்றிலும் இருக்கக்கூடும். ஆண்டுவாரியான பொருளடைவில் அரசாணை எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்ட பிறகே கோப்பைக் கேளுங்கள். அக்கால எழுத்தர் அக்கட்டடத்தை எந்தப் பெயரில் பதிவு செய்தார் என்பதை ஊகித்தாக வேண்டும். ஒரே சொல்லை நம்பிப் பொருளடைவைப் புரட்டி, இரண்டு வாரங்களை வீணாக்கியவன் நான். சென்னையில் கிடைக்காதவற்றை இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலக (இந்திய ஆட்சியைக் கவனித்த பிரித்தானிய அரசுத் துறை) ஆவணங்களில் தேடலாம், அரசின் நடவடிக்கைகளின் படிகள் அங்கும் அனுப்பப்பட்டன.

மறுமொழி 3:
1879உடன் நிறுத்திவிடாதீர்கள். 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை சென்னை மாகாணச் சட்டமன்றம் செனட் ஹவுஸில்தான் கூடியது. எனவே சட்டமன்றப் பதிவுகளும் இக்கட்டடத்தின் ஆவணங்களே. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி நடந்த சீரமைப்பின்போது எடுத்த படங்களையும் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். பூச்சுக்கு அடியில் வெளிப்படும் பழைய வண்ணம், காகிதத்தில் இல்லாத செய்திகளையும் சொல்லும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கட்டிய ஆண்டு என்று ஒரே எண்ணைப் போடும் எண்ணத்தைக் கைவிட்டேன். தேர்வு, பணித் தொடக்கம், நிறைவு என மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுவேன். முதலில் 1870 முதல் 1874 வரையிலான பொதுப்பணித் துறைப் பொருளடைவுகளைக் கேட்கப் போகிறேன்.