மலேசியாவுக்கு விசிட்ல போயி அப்படியே தங்கிட்டா என்ன? பெர்மிட்காரங்க, ஓவர்ஸ்டேக்காரங்க ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க

அறந்தாங்கி_தம்பி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேக்கணும், திட்டாதீங்க. எங்க சித்தப்பா பையன் ஒன்பதாவதோட படிப்ப நிறுத்திட்டான், பரோட்டா மாஸ்டர், கை நல்ல வேகம். ஊர்ல ஒரு ஏஜென்ட் ஒண்ணேகால் லட்சம் கேக்குறாரு. இப்ப மலேசியாவுக்கு விசாவே வேணாம், 30 நாள் ஃப்ரீ என்ட்ரி, டூரிஸ்டா போயி எறங்கு, கேஎல்ல கடை ரெடியா இருக்கு, வேலையில சேந்துட்டா ஓனரே பெர்மிட் அடிச்சுக் குடுத்துருவாருங்குறாரு. அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. பெர்மிட் வர்ற வரைக்கும் ஒரு ரெண்டு மாசம் ஓவர்ஸ்டே ஆனா அது பெரிய குத்தமா?

பெர்மிட்_பாண்டி:
தம்பி அந்த ஆளு சொன்னதுல விசா வேணாம்ங்குறது மட்டும்தான் நெசம். 2023 டிசம்பர் 1லேருந்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாம விடுறாங்க, 2026 கடைசி வரைக்கும் நீட்டியும் இருக்காங்க. ஆனா அது சுத்திப் பாக்க வர்றவனுக்கு. அதுல எறங்கிட்டு உள்ள இருந்துக்கிட்டே ஒர்க் பெர்மிட் அடிக்க முடியாது. மொதலாளி கோட்டா (இத்தன வெளிநாட்டு ஆள் எடுக்கலாம்ங்குற அனுமதி) வாங்கணும், லெவி (வெளிநாட்டு ஆள் வைக்கறதுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுற வரி) கட்டணும், விடிஆர்னு விசா குடுக்கலாம்னு ஒரு பேப்பர் வரணும், அத வச்சு நீ ஊர்லயே விசா வாங்கிக்கிட்டு வந்து எறங்கி, இங்க வெளிநாட்டு ஆளுங்களுக்குன்னு இருக்குற ஃபோமிமா மெடிக்கல்ல பாஸ் ஆகணும், அப்பறம்தான் வருஷ பெர்மிட். நான் அப்டித்தான் வந்தேன். அந்தக் கோட்டாவுக்கு அப்ளை பண்றதையே 2023 மார்ச்ல நிறுத்துனாங்க, முன்னாடியே அப்ரூவல் வாங்கி வச்சிருந்த ஆளுங்களுக்கும் 2024 மே 31தான் உள்ள வர கடைசி நாள்னு சொல்லிட்டாங்க, அன்னைக்கு கேஎல்ஐஏ ஏர்போர்ட்ல கூட்டம் தரையில படுத்துக் கெடந்தத டிவில பாத்திருப்ப. இதுல உங்க ஓனர் எங்கேர்ந்து அடிப்பாரு?

கொசோங்_மாமன்:
பாண்டி தம்பி நல்லா வெளக்கமா சொல்றாரு ஆனா பாதிதான் சொல்றாரு. நான் கைல பேப்பர் இல்லாத ஆளு, இங்க கொசோங்னு சொல்லுவாங்க. விசிட்ல வந்தவன்தான், மறைக்கல. எங்க கடையில இருக்குற ஆறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் பெர்மிட், அந்த ரெண்டு பேரும் வாங்குற சம்பளத்த விட நான் அதிகம் வாங்குறேன், ஏன்னா எனக்குப் புடிக்கலன்னா நாளைக்கே வேற கடைக்குப் போயிருவேன், அவங்களால போக முடியாது. பெர்மிட்ல எந்த மொதலாளி பேரு இருக்கோ அங்கதான் மாடு மாதிரி கெடக்கணும். பாஸ்போர்ட்டு மொதலாளி பீரோவுல. இதுல யாரு சுதந்திரமா இருக்கா சொல்லுங்க பாப்போம்.

அப்பறம் ஓவர்ஸ்டேன்னா ஏதோ கொலை குத்தம் மாதிரி பேசாதீங்க. பேப்பர் இல்லாத ஆளுகளப் பதிஞ்சு பெர்மிட் குடுக்குற திட்டம் எத்தன வந்துச்சு பாருங்க. 2011ல 6பி வந்துச்சு, 2016லேருந்து 2018 வரைக்கும் ரீஹயரிங், 2020ல ரீகாலிப்ரேஷன், 2023ல அதோட ரெண்டாவது ரவுண்டு. ஒவ்வொரு தடவையும் எங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் பெர்மிட் போட்டுக் குடுத்தாங்க, ஏன்னா அவங்களுக்கு ஆள் வேணும். பொறுத்தவன் வாங்கினான்.

சைபர்ஜெயா_ராஜா:
சாரி டு சே, இந்த மாதிரி ஆளுங்களாலதான் இப்ப ஏர்போர்ட்ல நம்ம எல்லாரையும் தனியா நிக்க வச்சு கேள்வி கேக்குறாங்க. என் அப்பா அம்மா டூரிஸ்டா வந்தப்ப கைல எவ்ளோ பணம், எந்த ஹோட்டல், ரிட்டர்ன் டிக்கெட் எங்கன்னு அரை மணி நேரம் நிக்க வச்சாங்க. எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல ஒழுங்கா டாக்ஸ் கட்டிட்டு இருக்கோம், நாட்டுக்கு நாடு சட்டம் இருக்கு, புடிக்கலன்னா வராதீங்க. ஓவர்ஸ்டே பண்ணா பிரம்படின்னு தெரியும்ல? தெரிஞ்சும் வந்தா யாரு பொறுப்பு?

கொசோங்_மாமன்:
ராஜா சார், நீங்க மத்தியானம் சாப்புடுற வாழையிலச் சாப்பாட்ட யாரு சமைக்கிறான்னு என்னைக்காவது எட்டிப் பாத்துருக்கீங்களா?

புதுக்கோட்டை_வாத்தியார்:
பிரம்படி விஷயத்த ஒழுங்கா சொல்லிடலாம், ஏன்னா இத ரெண்டு பக்கமும் தப்பாவே பேசுறாங்க. மலேசியா இமிகிரேஷன் சட்டத்துல பாஸ் எதுவும் இல்லாம உள்ள நொழையிறது 6வது பிரிவு, அதுலதான் ஆறு அடி வரைக்கும் பிரம்படி இருக்கு. ஒழுங்கா முத்திரை குத்தி உள்ள வந்துட்டு தேதி தாண்டி நிக்கிறது 15வது பிரிவு, அதுக்குப் பிரம்படி இல்ல, ஆனா 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் இல்லன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ரெண்டும். குறையாதங்குற வார்த்தைய கவனிக்கணும். ரெண்டு மாசம்தானேன்னு தம்பி கேக்குறாரு, சட்டத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரேட்டு ரெண்டு வருஷத்துக்கு ஒரு ரேட்டுன்னு இல்ல.

கொசோங்_மாமன்:
வாத்தியாரே புத்தகத்துல இருக்குறது அது. தானா போயி நின்னா 500 ரிங்கிட் காம்பவுண்ட் (கோர்ட்டுக்குப் போகாம கட்டுற ஃபைன்) கட்டிட்டு, டிக்கெட்ட காட்டிட்டு, கேஸ் இல்லாம வீட்டுக்குப் போகலாம். இந்தத் திட்டம் 2024 மார்ச்லேருந்து வருஷம் முழுக்க இருந்துச்சு, 2025 மே 19ல திரும்பத் தெறந்து 2026 ஏப்ரல் 30 வரைக்கும்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி 3+1னு ஒண்ணு ரொம்ப வருஷம் ஓடுச்சு, 300 ஃபைன், 100 ஸ்பெஷல் பாஸ் (கொஞ்ச நாள் தங்குற அனுமதி). மொத்தத்துல 500 ரிங்கிட் செலவுல நான் ஊருக்குப் போயிருவேன். பெர்மிட்ல வந்தவன் ஏஜென்ட்டுக்கு எவ்ளோ குடுத்தான்னு அவனயே கேளுங்க.

கிள்ளான்_கவிதா:
மாமா, நீங்க சொல்றது எல்லாம் தானா போறவங்களுக்குத்தான் லா. புடிபட்டா 500 இல்ல. எங்க அப்பா கிள்ளான்ல இருபது வருஷத்துக்கு மேல கடை நடத்துனாரு, அதனால மொதலாளி பக்கத்தயும் சொல்றேன். ஒரு ஒர்க்கருக்கு வருஷ லெவி மட்டும் 1,850 ரிங்கிட், அத 2018லேருந்து மொதலாளிதான் கட்டணும், ஒர்க்கர் சம்பளத்துல புடிக்கக் கூடாது. அதுக்கு மேல மெடிக்கல், இன்சூரன்ஸ், சாக்ஸோ (வேலையில அடிபட்டா பாக்குற அரசாங்கக் காப்பீடு), பாஸ் ஃபீஸு. பேப்பர் இல்லாத ஆள வச்சிருந்தா ஒரு தலைக்கு 10,000லேருந்து 50,000 வரைக்கும் ஃபைன், அஞ்சு பேருக்கு மேல போனா மொதலாளிக்கே பிரம்படி சட்டத்துல இருக்கு. இவ்ளோ இருந்தும் ஏன் கொசோங் ஆள வைக்கிறாங்கன்னா கோட்டா கெடைக்காது. முடிவெட்டுற கடை, ஜவுளி, நகைக்கடை மூணுக்கும் 2009ல வெளிநாட்டு ஆள் எடுக்கக் கூடாதுன்னு நிறுத்துனது திரும்பத் தெறக்க 2023 ஆச்சு, லோக்கல் பசங்க யாரும் அந்த வேலைக்கு வரதில்ல, அப்ப கடைக்காரங்க என்ன செய்வாங்க. நான் ஞாயம்னு சொல்லல, நடந்தது இதுதான்.

ஆனா மாமா ஒண்ணு கேக்குறேன், ரெய்டு வந்தா என்ன பண்ணுவீங்க?

கொசோங்_மாமன்:
கேட்டுட்டீங்க, சொல்றேன். எங்க கடையில பின்வாசல் கதவுக்கு கொண்டி கெடையாது, கழட்டியாச்சு. செருப்பெல்லாம் வெளிய பாத்தாப்பலதான் கெடக்கும். சப்ளை பண்ற பசங்களுக்கு யூனிஃபார்ம் டீசர்ட் குடுக்க மாட்டாரு மொதலாளி, இமிகிரேஷன் லாரி வந்து நின்னா கைல இருக்குற தட்ட வச்சிட்டு காலி டேபிள்ல கஸ்டமர் மாதிரி ஒக்காந்துருவாங்க, ஒரு தடவ ஒரு பையன் அப்டி ஒக்காந்தவன் பயத்துல பக்கத்து டேபிள் ஆளோட தே தாரிக் டீய எடுத்துக் குடிச்சிட்டான், அந்த ஆளும் ஒண்ணும் சொல்லல. இதெல்லாம் இருக்கு. நான் இல்லங்கல. ஆனா ஊர்ல கடன்காரன் வாசல்ல நிக்கிறதுக்கு இது தேவலாம்.

பெர்மிட்_பாண்டி:
இத ஏதோ வீரக்கதை மாதிரி சொல்றீங்க மாமா. கூட இருந்த பையனுக்கு எண்ணெச் சட்டி கவுந்து முழங்கை வரைக்கும் வெந்துபோச்சே, அதையும் சொல்லுங்க, போன வருஷம் நீங்கதானே இங்க எழுதியிருந்தீங்க. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியல. பேப்பர் இல்லாத ஆள் வந்தா இமிகிரேஷனுக்கோ போலீஸுக்கோ தகவல் குடுக்கணும்னு 2001லயே சுகாதார அமைச்சு சுத்தறிக்கை இருக்கு, வெளிநாட்டுக்காரனுக்கு பில்லும் தனி ரேட்டு. பிரைவேட் கிளினிக்ல களிம்பு தடவி அனுப்பிட்டாங்க, வெரல மடக்க முடியாமப் போச்சுன்னு எழுதுனீங்க. என் பெர்மிட்டோட 20,000 ரிங்கிட் வரைக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் வருது, வேலையில அடிபட்டா சாக்ஸோ பாக்கும், அது 2019லேருந்து எங்களுக்கும் உண்டு. கொறஞ்ச சம்பளம், இருக்கட்டும். அந்தப் பையனுக்கு யாரு காசு குடுத்தா?

கொசோங்_மாமன்:
மொதலாளி குடுத்தாரு. ஒரு தடவ.

மன்னார்குடி_மச்சான்:
நான் ரெண்டு பக்கமும் இல்லாத ஒரு கதை சொல்றேன். முழு பெர்மிட்ல வந்தவன் நான். ஏஜென்ட்டுக்குக் காசு, மெடிக்கல், எல்லாம் சுத்தமா. மொத வருஷம் முடிஞ்சப்ப ரெனியூ பண்ண மொதலாளி பாஸ்போர்ட்ட வச்சிருந்தாரு, பண்ணியாச்சு பண்ணியாச்சுன்னாரு, நானும் நம்புனேன், மூணு மாசம் சம்பளமும் பாக்கி. ஒரு நாள் ரோட்டுல செக்கிங்ல நிறுத்துனப்பதான் தெரியுது பெர்மிட் எப்பவோ முடிஞ்சிபோச்சு, லெவியே கட்டல. நான் ஒரு நாளும் ரூல மீறல, ஆனா அன்னைக்கு கேஸுல நானும் இந்த மாமனும் ஒண்ணுதான். லேபர் ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு சொன்னாங்க, குடுத்தா கேஸு முடியுற வரைக்கும் தங்க ஸ்பெஷல் பாஸ் வாங்கணும், ஒவ்வொரு மாசமும் 100 ரிங்கிட், அதுல வேலை பாக்கக் கூடாது. சம்பளம் வராதவன் வேலையும் பாக்காம நூறு நூறா கட்டிக்கிட்டு எத்தன மாசம் ஒக்காருவான்? பாக்கிய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். அதனால பெர்மிட் இருக்கவன் யோக்கியன் இல்லாதவன் அயோக்கியன்னு ராஜா சார் மாதிரி பேசாதீங்க.

சைபர்ஜெயா_ராஜா:
உங்க கேஸ் வேற ப்ரோ, அது எம்ப்ளாயர் ஃப்ராடு. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கறதே அந்த நாட்டு பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். நான் பேசுனது தெரிஞ்சே டூரிஸ்ட்னு பொய் சொல்லி உள்ள வர்றவங்களப் பத்தி. ரெண்டையும் கொழப்பாதீங்க.

மன்னார்குடி_மச்சான்:
பட்டுக்கோட்டைல ஏஜென்ட் சொல்லி அனுப்புற பையனுக்கு அவன் பொய் சொல்றான்னே தெரியாது சார். மேல கேள்வி கேட்ட அறந்தாங்கி தம்பிக்கே தெரியலையே.

புதுக்கோட்டை_வாத்தியார்:
இதுதான் சரியான எடம். பையன் ஒன்பதாவதுன்னா பாஸ்போர்ட் ஈசிஆரா இருக்கும். ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்காரர் வேலைக்குன்னு போனா குடியேற்ற அனுமதி வாங்கணும்னு இருக்குற 18 நாட்டுல மலேசியாவும் ஒண்ணு. நம்ம அரசாங்கத்தோட இமைக்ரேட் போர்ட்டல்ல மொதலாளி, சம்பளம், கான்ட்ராக்ட் எல்லாம் ஏறி, அப்பறம்தான் அனுமதி வரும், கூடவே 10 லட்சம் ரூபா விபத்துக் காப்பீடும் கட்டாயம். டூரிஸ்ட்னு போறப்ப இது எதுவும் வேண்டாம், அதனாலதான் ஏஜென்ட் அந்த வழியில தள்ளுறான், பையனோட சௌகரியத்துக்கு இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா, அவன் அங்க வேலை பாத்தான்ங்குறதுக்கு நம்ம நாட்டு ரெக்கார்டுல ஒரு வரி இருக்காது. பதிவு பண்ண ஏஜென்ட்டு வாங்கலாம்னு இருக்குற கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒண்ணேகால் லட்சம் எந்தக் கணக்கு? அவர்கிட்ட ஆர்சி நம்பர் (ஏஜென்ட்டோட பதிவு நம்பர்) கேளுங்க, அத இமைக்ரேட்லயே தேடிப் பாக்கலாம், பதிவு இல்லாத ஏஜென்ட்டுகளோட பட்டியலும் அங்கயே இருக்கு.

கொசோங்_மாமன்:
வாத்தியார் சொல்றது ஞாயம்தான், ஆனா அந்த வழியில போனா எப்ப கூப்புடுவாங்க? நான் ஊர்ல எத்தன வருஷம் காத்துக் கெடந்தேன்னு எனக்குத்தான் தெரியும். காத்திருக்க வீட்டுல அரிசி இருக்கவனுக்குத்தான் சட்டம் சுலபம்.

கிள்ளான்_கவிதா:
மாமா, உங்கள யாரும் குத்தம் சொல்லல லா. ஆனா நீங்க சொன்ன 6பி, ரீஹயரிங் எல்லாம் உள்ள வச்சு பெர்மிட் போட்டுக் குடுத்த திட்டம். 2023க்கு அப்பறம் வந்த அந்த 500 ரிங்கிட் திட்டம் ரெண்டும் வீட்டுக்கு அனுப்புற திட்டம். இந்தப் பையன் அடுத்த பொதுமன்னிப்பு வரும்னு உங்க கணக்குல வந்தா யாரு பெர்மிட் போடுவா? ரீஹயரிங் சமயத்துல பேர் பதியுறேன்னு ஏஜென்ட்டுகிட்ட ஆயிரக்கணக்குல கட்டி ஏமாந்தவங்க எங்க அப்பா கடையிலயே இருந்தாங்க, ரசீத லேமினேட் பண்ணி பர்ஸுல வச்சிருந்தாரு ஒரு அண்ணன், ரெய்டுல அத காட்டுனாரு, ஆபீசர் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு, லாரில ஏறச் சொன்னாரு.

கொசோங்_மாமன்:
அது நெசம். எனக்கும் அப்டி ஒரு ரசீது இருக்கு.

சைபர்ஜெயா_ராஜா:
அப்ப எதுக்கு மாமா இவ்ளோ நேரம் இத சப்போர்ட் பண்ணீங்க??

கொசோங்_மாமன்:
நான் வந்ததுக்கு ஞாயம் சொன்னேன் சார், அந்தப் பையன வரச் சொல்லல. ரெண்டும் வேற.

அறந்தாங்கி_தம்பி:
எல்லாரும் சொன்னதுக்கு நன்றி. இப்பதான் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு ஆர்சி நம்பர் கேட்டேன். அதெல்லாம் அரபு நாட்டுக்குத்தான், மலேசியாவுக்கு வேணாம்னுட்டாரு. அட்வான்ஸ திருப்பிக் குடுங்கன்னா டிக்கெட் போட்டாச்சு, திருச்சிலேருந்து வர்ற வெள்ளிக்கெழமைங்குறாரு. பையன் வேற பேக் அடுக்கிட்டான், நான் போயே தீருவேன்னு நிக்கிறான்.

புதுக்கோட்டை_வாத்தியார்:
மலேசியாவுக்கு வேணாம்ங்குறது சுத்தப் பொய், மேல சொல்லிட்டேன். அத வாட்ஸ்அப்ல எழுத்துல சொல்ல வைங்க, இல்லன்னா வாய்ஸ் மெசேஜாவது வாங்குங்க. அம்பதாயிரம் ஜிபேல போட்டிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. சென்னைல குடியேற்றப் பாதுகாவலர் ஆபீஸ் இருக்கு, மாவட்ட எஸ்பி ஆபீஸ்லயும் மனு குடுக்கலாம். மனு குடுக்கப் போறேன்னு சொன்னாலே பாதிப் பேர் பணத்த எடுத்து வச்சிருவாங்க.

கொசோங்_மாமன்:
தம்பி, பிஎன்ஆர் நம்பர் வாங்கி ஏர்லைன்ஸ் சைட்ல நீயே போட்டுப் பாரு. போற டிக்கெட் இருக்கும். ரிட்டர்ன் டிக்கெட்டுன்னு குடுத்துருக்குறது டம்மியா இருக்கும், இல்லன்னா பையன் பிளைட் ஏறுன ஒடனே கேன்சல் பண்ணி காச எடுத்துருவான். கேஎல்ஐஏ கவுண்டர்ல சந்தேகப்பட்டு அத தட்டிப் பாத்தா என்டிஎல்னு (உள்ள விடக் கூடாதுன்னு) போட்டு அடுத்த பிளைட்ல திருப்பி ஏத்திருவாங்க, அப்பவும் ஏஜென்ட்டு மிச்ச எழுவத்தஞ்சாயிரத்த கேப்பான். என் கூட வந்த மூணு பேர்ல ஒருத்தன் அப்டித்தான் திரும்பிப் போனான். பிஎன்ஆர இன்னைக்கே வாங்கு, வியாழக்கெழம வரைக்கும் இழுக்காத.

அறந்தாங்கி_தம்பி:
வாங்கிட்டேன் மாமா. ரிட்டர்ன் பேர்ல வேற யாரோ பேரு வருது.