டிபி மாத்திரையோட அக்குபஞ்சரும் பார்க்கலாமுங்களா?

தறிக்காரர் மகள்:
அப்பாவுக்கு நுரையீரல் டிபிங்க. ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டறவர், 46 கிலோதான் இருக்கார். தினம் காலையில மூணு மாத்திரை, அஞ்சு வாரம் ஆச்சு. போட்டு அரை மணி நேரத்துல குமட்டல். இட்லித் தட்டைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கறார். பத்து நாளா பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி மதமதப்பு வேற. அத்தை சொன்னாங்கன்னு அக்குபஞ்சர்காரர் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன். "இருமல்ங்கறது கழிவு வெளியேறுறதும்மா, மாத்திரையால அமுக்காதீங்க"ங்கறார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ரெண்டும் சேர்த்துப் பார்க்கலாமுங்களா?

ஆறு மாசம் முழுங்கினவன்:
சேர்த்துப் பார்க்கலாம் தங்கச்சி. ஆனா அந்த ஆள்கிட்ட வேண்டாம். எனக்கு 2022ல வந்துச்சு. மூணாம் மாசம் இருமல் நின்னதும் "போதும்"னு மாத்திரைய விட்டவன் நான். அம்மா அட்டையை எண்ணிப் பார்த்துப் புடிச்சிட்டாங்க. இப்படி விட்டு விட்டுப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும், அப்புறம் டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினே கேக்காது. ஊசி குத்தி டிபி கிருமி சாகாது. குமட்டலுக்கு மட்டும் குத்திக்கிட்டேன், கொஞ்சம் கேட்டுச்சு. மணிக்கட்டு ரேகையிலிருந்து மூணு விரல் மேல, உள்பக்கம் ரெண்டு நரம்புக்கு நடுவுல. ஊசிகூட வேண்டாம், கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
உகாண்டாவில மக்கெரெரே பல்கலைக்கழகத்துக்காரங்க டிபி நோயாளிகளுக்குத் தோல்மேல மூலிகைச் சூடு வெச்சுப் பார்த்தாங்க. அங்கேயும் மாத்திரை கூடவேதான், நிறுத்திட்டு இல்ல.

மதமதப்புக்கு ஊசி தேடாதேம்மா. டிபி மாத்திரையில இருக்கற ஐசோனியசிட்ங்கற மருந்து உடம்புல பி6 சத்தைக் குறைக்கும். அதுக்குத்தான் பைரிடாக்சின்னு சின்ன மாத்திரை தருவாங்க. அப்பா போடறாரான்னு பாரு. ஒண்ணுக்கு ஆரஞ்சா போனா பயம் இல்ல, அது மருந்தோட நிறம். கண்ணு மஞ்சளானாலோ வாந்தி நிக்காட்டியோ அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும், கல்லீரல் விஷயம். ரெண்டாம் மாசக் கடைசியில சளிப் பரிசோதனைய விட்டுடாதே. சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபா கணக்குல அரசாங்கம் தர்ற பணம் பேங்க்ல ஏறுதான்னும் பாரு.

தறிக்காரர் மகள்:
இப்பத்தான் தேடிப் பார்த்தேங்க. அந்தச் சின்ன மாத்திரைய முதல் மாசமே குடுத்திருக்காங்க. "சத்து மாத்திரைதானே"ன்னு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கார். ஒண்ணுகூடப் பிரிக்கல.