ஆவுளியா துண்டறிக்கை: எந்த நடையில் எழுதினால் படிப்பார்கள்?

தொண்டிக்கரை:
வலையில் ஆவுளியா (கடற்பசு) சிக்கினால் என்ன செய்வது என்று தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து மீனவர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் இரண்டாவது வரியிலேயே மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். தொடக்கம் இது:

“பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அழிந்துவரும் இவ்வுயிரினம் மீனவர்களின் வலைகளில் சிக்க நேரிடும் பட்சத்தில் உடனடியாக விடுவிக்கப்பட வேண்டும்.”

எங்கே இடிக்கிறது?

பாகக்கயிறு:
தம்பி, முதல் வரியே ஆளை வெளியே நிறுத்துகிறது. அந்தப் பாதுகாப்பகம் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் இருக்கிறது. தொண்டிக்காரர் ‘நம்ம கடல் இல்லையே’ என்று விட்டுவிடுவார். அதைத் தூக்கிவிடுங்கள்.

அடுத்து, ‘மீனவர்களின் வலைகளில்’ என்கிறீர்கள். படிக்கிறவரே மீனவர்தானே, அவரிடம் நேராகப் பேசுங்கள். ‘விடுவிக்கப்பட வேண்டும்’ என்றால் யார் விடுவிப்பது, எப்படி? ‘சிக்க நேரிடும் பட்சத்தில்’ வேண்டாம், ‘சிக்கினால்’ போதும்.

இப்படி வைத்துப் பாருங்கள்:

“வலையில் ஆவுளியா சிக்கினால், முதலில் அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள். அதற்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். அடியிலேயே கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பிறகு வலையை அறுத்து விடுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்.”

செய்யச் சொன்னதும் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதட்டுவது போலிருக்கும்.

மோர்ப்பண்ணை:
‘வலையை அறுத்து விடுங்கள்’ என்றதுமே படிப்பவர் வலையின் விலையைத்தான் நினைப்பார். அடுத்த வரியில் அதைப் பேசாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இழப்பீட்டுக்கு யாரைக் கேட்பது என்று வனத்துறையில் உறுதிசெய்து, தொலைபேசி எண்ணோடு அங்கேயே போடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடைசி வரிக்குப் போகட்டும். அது முதலில் வந்தால், வழக்குக்குப் பயந்து சிக்கியதையே வெளியே சொல்ல மாட்டார்கள்.

தொண்டிக்கரை:
நன்றி அண்ணே. முழுக்கப் பேச்சுவழக்கிலேயே எழுதிவிடலாமா?

மோர்ப்பண்ணை:
அச்சில் வேண்டாம். ‘மாட்டியிருந்தா’, ‘கொண்டாங்க’ எல்லாம் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். வாட்ஸ்அப் குரல்பதிவு, ஒலிபெருக்கி என்றால் தாராளமாகப் பேச்சுவழக்கு.

அச்சில் வினைச்சொல் எளிய எழுத்து நடையில் இருக்கட்டும், பெயர்ச்சொல் கரையில் புழங்குவதாக இருக்கட்டும். ஆழத்தை மீட்டரில் சொல்லாமல் பாகத்தில் சொல்லுங்கள் (ஒரு பாகம் சுமார் ஆறடி). ‘வடகிழக்குப் பருவமழைக் காலம்’ என்பதற்கு ‘வாடைக்காலம்’. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்குகிற இடத்தில் வரியை முறியுங்கள்.