“பணியில் சேர்ந்த தேதி” கட்டத்தில் நீங்கள் எதை எழுதுவீர்கள்?

மாநிலம் முழுக்க எல்லா ஆசிரியருக்கும் ஒரே மாதிரி பணி ஆணை, ஒரே ஊதிய விகிதம், ஒரே விடுப்பு விதி இருந்தால் என்ன என்று எங்கள் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. மேடையில் கேட்டால் கைதட்டு விழும், சரி, உண்மையில் யார் யாருக்கு என்னென்ன மாறும் என்று கணக்கெடுப்போம் என்று சொல்லி, வட்டாரத்துக்கு ஒருவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் மாட்டியது நான். 2012 டிசம்பரில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறி வந்த பட்டதாரி ஆசிரியன், கணக்கு.

முதல் நாள் போனது ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஹெச்.எம். மேஜையில் இரண்டு வருகைப் பதிவேடு. ஒன்று காலிகோ அட்டை போட்ட பெரிய ஏடு. இன்னொன்று நாற்பது பக்க நோட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘ப.நே.’ என்று எழுதியிருந்தது. பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கு அது. அதே நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக ஆசிரியை கையெழுத்து. ஆறு பேர் வேலை பார்க்கும் பள்ளியில் யார் எந்த ஏட்டின் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

படிவத்தில் மூன்றாவது கட்டம், ‘பணியில் சேர்ந்த தேதி’. பேனாவைத் திறந்த எல்லோரும் அங்கேயே நின்றார்கள். “எந்தத் தேதி சார்?” என்று அறிவியல் சார் கேட்டார். அவர் 2004-இல் மாதம் மொத்தமாக 4,000 ரூபாய் என்ற தொகுப்பூதியத்தில் வந்தவர், நிரந்தரப் பணிக்கான காலமுறை ஊதியத்துக்கு மாறியது 1.6.2006. வேலை பார்த்தது முதல் தேதியிலிருந்து, எஸ்.ஆர். என்கிற பணிப் பதிவேடு ஆரம்பிப்பது இரண்டாவது தேதியிலிருந்து. நடுவில் இருக்கும் காலத்தைக் கேட்டால் சிரிக்கிறார். “அது நான் சேவை செய்த காலம் தம்பி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இடைநிலை ஆசிரியைகள் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் நேரில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒருவர் 2008-இல் சேர்ந்தவர், இன்னொருவர் 2009 ஆகஸ்ட். ஒருவருக்கு இரண்டாம் வகுப்பு, மற்றவருக்கு மூன்றாம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. ஆறாவது ஊதியக் குழுவில், 31.5.2009-க்குள் வந்தவருக்கு பழைய அடிப்படை ஊதியம் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370, அதோடு தர ஊதியம் 2,800. ஒரு நாள் தள்ளி வந்திருந்தாலும் 5,200, அதே 2,800. அன்றைக்கு வித்தியாசம் 3,170. ஏழாவது ஊதியக் குழுவில் இரண்டையும் 2.57-ஆல் பெருக்கினபோது அந்த 3,170 தானாக எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. கணக்கு வாத்தியார் என்பதால் சொல்கிறேன், தப்பான எண்ணை வைத்துப் பெருக்கினால் தப்பும் சேர்ந்து பெருகும்.

நீங்கள் எந்தத் தேதி? உங்கள் ஸ்டாஃப் ரூமில் எப்படி? எழுதுங்கள்.

தையல் ஆசிரியை, கடலூர் பக்கம்

அந்த நோட்டு எங்கள் பள்ளியிலும் இருக்கிறது சார், எங்களுடையதற்கு அட்டைகூடக் கிடையாது. நான் 2012-இல் வந்த 16,549 பேரில் ஒருத்தி. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000. அப்புறம் 7,000, 7,700, 2021-இல் 10,000, அடுத்தது 12,500. எங்களோடு வந்தவர்களில் நிறையப் பேர் விட்டுப் போய்விட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள்.

மூன்று அரை நாள் என்பது தாளில்தான். ஆண்டு விழாவுக்கு டிரஸ் தைக்க வேண்டும் என்றால் அரை நாள் முழு நாளாகும். ஒரு டீச்சர் லீவு என்றால் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை, சொன்னால் அடுத்த நாள் நோட்டில் கையெழுத்துப் போட வரும்போது முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

மே மாதம்தான் கொடுமை. பதினோரு மாதச் சம்பளம் என்பதை வீட்டுக்காரரிடமும் மளிகைக்கடையிலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது. “டீச்சருக்கு லீவுலயும் சம்பளம் வருமே” என்பார்கள். வரும், மற்ற டீச்சருக்கு. ஏப்ரல் கடைசியில் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்க ஆள் வேண்டும் என்றால் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கே காலண்டர் மனப்பாடம்.

2021 தி.மு.க. தேர்தல் அறிக்கையில் எங்களை நிரந்தரமாக்கும் வாக்குறுதிக்கு 181-ஆம் எண். அந்த எண்ணை நாங்கள் வீட்டு நம்பர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒரே ஆணை என்று வந்தால் எனக்கு முதல் கேள்வி சம்பளம் இல்லை. மே மாதம் உண்டா?

இடைநிலை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

நானும் 2009-க்குப் பிந்தியவன்தான். 2022 டிசம்பர் கடைசியில் சென்னையில் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது மனைவியும் இரண்டாவது படிக்கும் பையனும் கூட வந்திருந்தார்கள். ராத்திரி குளிர், கீழே விரிக்க ஒரு ஃபிளெக்ஸ், அதில் எங்கள் கோரிக்கையே அச்சடித்திருந்தது. பையன் ‘சமவேலைக்கு சம ஊதியம்’ என்ற எழுத்தின் மேல் படுத்துத் தூங்கினான். வரிசையாக ஆட்கள் மயங்கி விழ, ஆம்புலன்ஸ் வந்து வந்து போனது. புத்தாண்டு அன்று ஆய்வு செய்ய மூன்று பேர் குழு அறிவித்தார்கள், எழுந்து வந்தோம். 2023 செப்டம்பரில் திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தோம். ஆய்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்த வளாகத்து வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். ஆய்வு செய்யுங்கள், ஆனால் 5,200-க்கும் 8,370-க்கும் நடுவில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஹெச்.எம்., தஞ்சை

தம்பிமார்களே, இது ஒரு தடவை நடந்த விஷயம். நான் 1978-இல் யூனியன் ஸ்கூல் வாத்தியாராகச் சேர்ந்தேன். யூனியன் என்றால் ஊராட்சி ஒன்றியம், சம்பளம் அங்கிருந்து வர வேண்டும். ஆணையர் லீவில் போனால் சம்பளம் தள்ளிப்போகும், சேர்மனுக்கு ஆகாதவன் என்றால் மூன்று ஆறு தாண்டிய ஊருக்கு மாற்றல். 1.6.1981-இல் எங்களை எல்லாம் அரசு ஊழியராக ஆக்கினார்கள், எம்.ஜி.ஆர். காலம். யூனியனில் போட்ட வருஷங்களும் பென்ஷனுக்கு வந்தது. அதனால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு என் அப்பா கேட்ட ஒரே கேள்வி, “இனிமே சேர்மனைப் பார்த்தா எந்திரிக்கணுமா வேண்டாமா?”

தொடக்கப் பள்ளி ஹெச்.எம்., நாமக்கல்

ஐயா சொன்னதில் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. 1981-க்குப் பிறகும் பதவி உயர்வுக்கான எங்கள் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில்தான் ஓடியது. 2023 டிசம்பரில் வந்த 243-ஆம் அரசாணை அதை மாநில முன்னுரிமை ஆக்கியது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, மாநிலம் முழுக்க ஒரே பட்டியல்! ஆனால் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு தெருவுக்கு வந்து ரத்து செய்யக் கேட்டது, நானும் போனேன். தொடக்கப் பள்ளியில் பெண்கள் அதிகம். பத்துப் பதினைந்து வருஷம் ஒரே ஒன்றியத்தில் இருந்து, அடுத்த பதவி உயர்வு நமக்குத்தான் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பட்டியலில் எங்கோ கீழே போனார்கள். பதவி உயர்வு கிடைத்தாலும் எந்த மாவட்டத்தில் இடம் என்று தெரியாது. என் தோழி ஒருத்தி, மாமியார் படுக்கையில், “எனக்கு உயர்வே வேண்டாம்” என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

ஒரே ஆணை என்றால் ஒரே சம்பளமா, ஒரே மாற்றல் விதியுமா? முதலாவதுக்கு இரண்டு கையும் தூக்குவேன். இரண்டாவதுக்கு யோசிக்க நேரம் வேண்டும். படிவத்தில் இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால், சார், தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.

உதவி பெறும் பள்ளி, திருநெல்வேலி

எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா, இல்லை வழக்கம்போல் கடைசியில் ‘இவர்களுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரியா? சம்பளம் அரசு மானியம், ஆர்டர் நிர்வாகத்தின் கையெழுத்து. அது போதும், மீதியை நான் எழுதினால் என் செயலர் படித்துவிடுவார்.

பெயர் வேண்டாம், வழக்குகளைத் தொடர்ந்து படிப்பவன்

2016-இல் பஞ்சாப் வழக்கில், ஜக்ஜித் சிங் தீர்ப்பு, தற்காலிக ஊழியர் அதே வேலையைச் செய்தால் அதே ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோரும் அதை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தோம். 2019 மே மாதம் பிஹார் தீர்ப்பு வந்ததை அவ்வளவாக யாரும் அனுப்பவில்லை. அங்கே 2006-க்குப் பிறகு பஞ்சாயத்து வழியாக எடுத்த ‘நியோஜித்’ ஆசிரியர்கள் மூன்றரை லட்சம் பேருக்கு மேல். பாட்னா உயர் நீதிமன்றம் சம ஊதியம் கொடு என்றது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பழைய நிரந்தர ஆசிரியர் அணி புதிதாக ஆள் எடுக்காமல் மெல்ல மறைந்துபோகும் அணி, அதோடு இவர்களை ஒப்பிட முடியாது என்ற அரசின் வாதம் எடுபட்டது.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ‘ஒரே ஒப்பந்தம்’ என்று ஒரு அரசு சொல்லும்போது, மேலே இருப்பவரை விட்டுவைத்து இனி வருகிற எல்லோரையும் கீழ்ப்படியில் எடுத்தால், இருபது இருபத்தைந்து வருஷத்தில் எல்லோரும் சமம் ஆகிவிடுவார்கள். அதுவும் ஒரே ஒப்பந்தம்தான். 1.4.2003 முதல் வந்தவர்களுக்கு பழைய பென்ஷனுக்குப் பதில் சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) என்று ஆரம்பித்ததும் அதே வழிதான், எந்தப் பெரியவருடைய பென்ஷனிலும் கை வைக்கவில்லை, அதனால் அன்றைக்குச் சத்தமும் பெரிதாக எழவில்லை.

எஸ்.எம்.சி. தற்காலிக ஆசிரியை

நான் 2022 ஜூலையில் 7,500-க்கு வந்தேன். டெட் தேறியிருக்கிறேன், ஆனால் 2018-இல் வந்த 149-ஆம் அரசாணைப்படி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் எனக்குப் புதுத் தேதி, எதை எழுத?

படிவத்தோடு சுற்றியவன்

எல்லோரும் எழுதினதைப் படித்தேன். நான் கொண்டுபோன தாள் தவறு, ஒத்துக்கொள்கிறேன். சங்கத்தில் பேசி, தேதிக் கட்டத்தை இரண்டாக்கினோம்: ‘முதலில் பள்ளிக்கு வந்த தேதி’, ‘எஸ்.ஆர். தொடங்கிய தேதி’. நாமக்கல் டீச்சர் சொன்னபடி ஊதியம் தனி, மாற்றல் தனி. ‘மே மாதம் ஊதியம் உண்டா’ என்று ஒரு கட்டம். பிஹார் விஷயத்துக்காக, ‘ஒரே ஆணை வந்தால் இப்போது வாங்குவதில் எதை விட்டுக்கொடுப்பீர்கள்’ என்று ஒரு கேள்வி சேர்த்தேன். நிரந்தரத்தில் இருக்கும் யாரும் அதை இதுவரை நிரப்பவில்லை, நானும்தான்.

போன சனிக்கிழமை புதுத் தாளோடு அதே நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். அறிவியல் சார் இரண்டு தேதியும் எழுதிவிட்டு, ஓரத்தில் மூன்றாவதாக ஒன்றும் எழுதியிருந்தார், ஓய்வு பெறும் தேதி. ஓவிய ஆசிரியர் முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவது கட்டத்தில் அழகாக ஒரு கதவு வரைந்து கொடுத்தார்.